இடது காதில் ஐம்பது டெசிபல்

ஒரு திங்கட்கிழமை காலை என் மனைவி இடது காதைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். தண்ணீர் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலப் பாடம் நடத்தப் பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். மதியம் அங்கிருந்து பேசினாள். அந்தக் காதில் போனை வைத்தால் என் குரலே கேட்கவில்லை என்றாள்.

நான் குரோம்பேட்டையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் நடத்துகிறேன். பர்மிஷன் சொல்லிவிட்டு அவள் பள்ளிக்குப் பஸ் பிடித்தேன். சானடோரியம் ஸ்டாப்பைத் தாண்டி நெரிசலில் அது நகரவில்லை. இறங்கி நடந்தேன்.

அன்று மாலையே காது டாக்டரிடம் போனோம். சத்தம் புகாத அறையில் அவளுக்குச் சோதனை நடந்தது. நான் வெளியே உட்கார முடியாமல் அலைந்தேன். வலது காது இருபது டெசிபலில் கேட்கிறது. இடது காதுக்கு ஐம்பது வேண்டியிருக்கிறது என்றார்கள்.

"முப்பதுதானே வித்தியாசம்?" என்றாள்.

ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் அது. டெசிபலில் பத்து கூடினால் பவர் பத்து மடங்கு, இருபதுக்கு நூறு மடங்கு. கூட்டல் மாதிரி தெரியும். உள்ளே நடப்பது பெருக்கல். நான் சோதனைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க. உங்க மூஞ்சியே சரியில்ல."

"ஆயிரம் மடங்கு."

டாக்டர் குறுக்கிட்டார். "சார் சொல்றது சத்தத்தோட பவர்மா. காதுக்கு அவ்வளவு பெருசாத் தோணாது." பத்து டெசிபல் கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தெரியும் என்றார். உடனே வந்தது நல்லது, ஆனால் கேட்கும் திறன் முழுசாகத் திரும்பும் என்று உறுதி தர முடியாது என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்தார்.

அந்த நாட்களில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் காதருகே விரல்களை உரசுவேன், சாவிக்கொத்தை ஆட்டுவேன், கேட்கிறதா என்பேன். ஒருநாள் சாப்பிடும்போது கையைத் தட்டிவிட்டாள்.

"நான் உங்க ஸ்டூடண்ட் இல்ல. பயமா இருக்குன்னா பயமா இருக்குன்னு சொல்லுங்க."

பயமாக இருக்கிறது என்றேன். தனக்கும்தான் என்று சொல்லி, குழம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதித்தபோது ஐம்பது முப்பத்தைந்தாகியிருந்தது. மீதி வருவது சந்தேகம் என்றார் டாக்டர். திரும்பும் வழியில், பதினைந்து குறைந்தால் எத்தனை மடங்கு என்று அவளே கேட்டாள். முப்பது மடங்குக்குக் கொஞ்சம் கூட என்றேன். பரவாயில்லை என்றாள்.

வகுப்பில் தன் மேசையைச் சுவரோரம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்; இப்போது பிள்ளைகள் எல்லோரும் அவளுக்கு வலப்பக்கம். நான்தான் இன்னும் மாறவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். பெரும்பாலும் அவள் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.