உள்ளே ஆள் இருக்கும் கட்டிடம்

எங்கள் மண்டல அலுவலகத்தில், உதவி ஆணையரின் அறைக்கு வெளியே, வரிசையாக ஆணி அடித்த ஒரு மரப்பலகை தொங்கியது. மாநகராட்சிக்குச் சொந்தமான பூட்டிய கட்டிடங்களின் சாவிகள் எல்லாம் அதில்தான் இருக்கும். எந்தச் சாவியில் தூசி படிந்திருக்கிறதோ அந்தக் கட்டிடம் ‘பயன்பாட்டில் இல்லை’ என்பது எங்கள் முறை. யாரும் நேரில் போய்ப் பார்த்தது கிடையாது. சாவி கேட்டு ஆள் வரவில்லை என்றால் உள்ளே ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்? சொத்துப் பிரிவில் இளநிலை உதவியாளராக இருந்த நானும் அதைச் சந்தேகப்படவே இல்லை.

அந்த வருடம்தான் மேடம் எங்களுக்கு உதவி ஆணையராக வந்தார். மாநகராட்சியின் கட்டிடங்களை எல்லாம் வகை பிரிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவும் அப்போதுதான் வந்தது: வைத்துக்கொள்வது, வாடகைக்கு விடுவது, இடிப்பது. வேறு மண்டலங்களில் நாற்காலியை விட்டு எழாமலே முடித்துவிட்டார்கள். மேடத்துக்கு உட்காரவே வராது. பேனாவைத் திறப்பார், மூடுவார், ஜன்னலுக்குப் போவார், திரும்பி வருவார். அவரோடு ஒரு மணி நேரம் இருந்தால் நமக்கும் கால் பரபரக்க ஆரம்பித்துவிடும். “கண்ணால பாக்காம எப்படிம்மா இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடறது?” என்று கேட்டுவிட்டு, பலகையில் தூசி அதிகமாக இருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

அது புத்தூரில், ஆஸ்பத்திரிக்குப் பின்புறச் சந்தில் இருந்த பழைய சுகாதார நிலையக் கட்டிடத்தின் சாவி. இடிக்கும் பட்டியலில் முதலில் இருந்தது அதுதான். போய்ப் பார்த்தால் எங்கள் பூட்டையே காணோம். கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலெல்லாம் செருப்பு. உள்ளே கொடியில் குழந்தைத் துணி காய்ந்தது. லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் சுவரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வார்டில் நோயாளிகளை விட்டுவிட்டு, ஊருக்கும் திரும்ப முடியாமல் நிற்கிற சொந்தக்காரர்களுக்கு அதுதான் வீடு. நடுவில் ஒரு பெரிய அண்டாவில் வெந்நீர் கொதித்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஜீயபுரத்துக்கார அம்மா ஒருவர். கணவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வந்தவர், அவர் இறந்த பிறகும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டாராம். துருப்பிடித்த எங்கள் பூட்டை உடைத்து, தன் பூட்டைப் போட்டு, வருஷக்கணக்காக அந்த இடத்தை நடத்திவந்தார். வருகிறவர்களிடம் கேட்டு வாங்குவதில்லை. கொடுத்தால் விறகுக்கு ஆகும்.

எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளிறியது. “உட்காருங்கம்மா. டீ எல்லாம் இல்லீங்க, வெந்நீர்தான் இருக்கு” என்றார். மேடம் ஜீப்பை அனுப்பிவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் வரை எழவில்லை. அவர் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். கிளம்பும்போது, “இதை இடிக்க விடமாட்டேன். நீங்க பயப்படாதீங்க” என்றார். சொன்னதைச் செய்யவும் செய்தார். கட்டிடம் பயன்பாட்டில் உள்ளது, இந்த அம்மாவுக்கே குறைந்த வாடகைக்கு விடலாம் என்று ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதி அனுப்பினார். அவருக்குப் பொய் எழுத வராது. எனக்கு அவரிடம் பிடித்ததும் அதுதான், இன்றைக்கும் ஆற்றாமையாக இருப்பதும் அதுதான்.

இடிக்க வேண்டாம் என்று மேலிடம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே பயன்படக்கூடிய கட்டிடம் ஒன்று இருப்பது அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. வாடகைக்கு விடுவதென்றால் பொது ஏலம்தான், அதுதான் விதி என்று பதில் வந்தது. மேடம் மைய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். சண்டை போட்டார், கெஞ்சிக்கூடப் பார்த்தார். எல்லோரும் காபி கொடுத்து, விதியை வாசித்துக் காட்டி அனுப்பிவைத்தார்கள். விதியும் தப்பான விதி இல்லை. வேண்டியவருக்குச் சொத்தைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது என்று நல்லவர்கள் யாரோ எழுதியது. யாரைத் திட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஏலத்தன்று அந்த அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஆரம்பத் தொகைக்குக் கையும் தூக்கினார். அதற்குப் பிறகு தொகை ஏற ஏறத் தூக்க முடியவில்லை. கட்டிடம் ஒரு மருந்துக்கடைக்காரருக்குப் போனது. மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அம்மா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “உள்ள ஆளுங்க இருக்காங்கம்மா. ராத்திரிக்கு எங்க போகச் சொல்லட்டும்?” என்று கேட்டார். மேடம், “எனக்குத் தெரியலீங்க” என்றார். அந்த அம்மா வாசல்வரை போய்த் திரும்பினார். “நீங்க நல்லதுதான் நெனச்சீங்க. ஆனா நீங்க வந்து பாக்காம இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் பார்க்காமல் இருந்திருந்தால் கட்டிடத்தையே இடித்திருப்பார்கள். சில மாதங்களில் மேடம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பல வருஷம் கழித்து, பதவி உயர்வு பெற்று, இப்போது அந்த அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மறுபடியும் வகை பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. போன வாரம் ஸ்ரீரங்கத்தில், ஸ்டேஷனுக்குக் கிட்டே இருக்கும் பழைய பம்ப் அறையைப் பார்க்கப் போனேன். லால்குடி ரயிலில் கீரைக் கட்டோடு வந்திறங்கும் பெண்கள் அங்கே கீரையை அலசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மூலையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். “உட்காருங்க, உட்காருங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

‘பயன்பாட்டில் இல்லை’ என்றால் இடிப்பார்கள். ‘பயன்பாட்டில் உள்ளது’ என்றால் ஏலம் விடுவார்கள். மூன்று நாள் கோப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். கடைசியில், ‘மாநகராட்சியின் சொந்தப் பயன்பாட்டில் உள்ளது’ என்று பச்சைப் பொய்யை எழுதி, ‘வைத்துக்கொள்வது’ வகையில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். என்ன பயன்பாடு என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அதற்குத்தானோ என்று திடுக்கிடுகிறேன். எடுக்கிறேன், வேறு ஏதோ விஷயமாக இருக்கிறது.