றுஸ்தா மிஸ்ஸியின் முக்கால் களிசான்

புது உடுப்பில் கடைக்காரர் கோத்துவிட்ட அட்டையைக் கழற்றுவதற்கு முன்பே றுஸ்தா கத்தரிக்கோலை எடுத்துவிடுவாள். அபாயா என்றால் அடியில் ஒரு சாண். சட்டை என்றால் நான்கு விரல், கைகளில் இரண்டிரண்டு விரல். அளவுநாடாவுக்கு அங்கே வேலை இல்லை; இந்த நாற்பத்து நான்கு வயதுக்குள் ஊறிய பழக்கத்தில் விரல்களே அளந்துகொள்ளும். வெட்டிய துண்டுகளைத் தையல் மெஷினின் லாச்சிக்குள் திணித்து வைக்கிறாள். கணவர் ஜுனைட் ஒருநாள் நூல் தேடி அந்த லாச்சியைத் திறந்துவிட்டு, இதில் இன்னொரு றுஸ்தாவுக்கே உடுப்புத் தைக்கலாமே என்றாராம். அதற்கு அவள் சொன்ன பதில், எல்லோருக்கும் சொல்கிற பதில்தான்: "எனக்கு உசரம் காணும். துணிதான் நீளம் கூட."

நாலடி எட்டங்குலம். கல்முனைக்குப் பக்கத்து நற்பிட்டிமுனையில் வீடு. உத்தியோகத்தின் பெயர் குடும்பநல உத்தியோகத்தர். ஊருக்கு மிட்வைப் மிஸ்ஸி, மருத்துவிச்சி. ஸ்கூட்டரின் இருக்கையைக் கழற்றிப் பஞ்சைக் குடைந்து தாழ்த்தி வைத்திருக்கிறாள். அப்படியும் சிக்னலில் நிற்கும்போது ஒரு கால்தான் நிலத்தைத் தொடும், அதுவும் நுனிவிரல். கர்ப்பிணி வீடுகளுக்குப் போனால் கதிரையில் உட்காரமாட்டாள். கால் தொங்குவது பிடிக்காது. குந்திக்கொண்டே பதிவேட்டில் எழுதுவாள், குந்திக்கொண்டே தேத்தண்ணி குடிப்பாள்.

கிளினிக்கில் ஒவ்வொரு தாயின் உயரத்தையும் அளந்து எழுதுவது அவள் வேலை. நூற்று நாற்பத்தைந்து சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு டொக்டருக்கு அனுப்ப வேண்டும். வட்டத்தைப் பார்த்து எந்தப் பெண்ணின் முகமாவது வாடினால், தான் நூற்று நாற்பத்திரண்டு என்பதையும், தன் மகன் மூன்றேகால் கிலோவில் பிறந்ததையும் சொல்லிவிடுவாள். "இந்த வட்டத்துக்க நானும் நிண்டவதான் மகள். பயப்பட ஒண்டும் இல்ல."

இப்படி ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள், ஒரு வருடமாக ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருந்தாள்.

மிட்வைப் பயிற்சியில் ஒன்றாகப் படித்தவர்கள் பதினொரு பேர், வருடத்துக்கு ஒருதரம் ஒரு வான் வண்டி பிடித்து எங்காவது போவார்கள். முன்பெல்லாம் நுவரெலியாவில் பூந்தோட்டம், கண்டியில் கடைத்தெரு என்று முடிந்துவிடும். போன வருடம் யாரோ ஹைக் போவோம் என்று சொல்ல, பதுளைப் பக்கத்து நாரங்கல மலைக்குப் போனார்கள். கல்முனையில் ஏறுவதற்கு மாடிப்படியை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். ஆனாலும் அவள் களைத்துப்போகவில்லை. தேயிலைத் தோட்டத்தையும் புல்வெளியையும் மற்றவர்களுக்கு முன்னாலேயே கடந்துவிட்டாள். நாள் முழுக்க நடக்கிற உத்தியோகம் அல்லவா.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை ஒன்று வரும். மற்றவர்களுக்கு இடுப்பளவு; அவளுக்கு நெஞ்சளவு. இடையில் கால் வைக்க ஒரு படி உண்டு. அந்தப் படிக்குக் காலைத் தூக்கினாள், கால் வரவில்லை. காற்சட்டையின் கவடு தொங்கித் தொடைகள் இரண்டையும் கட்டிப்போட்டதுபோலப் பிடித்துக்கொண்டது. இழுத்துத் தூக்கினாள். அடியில் சுருட்டி சேப்டி பின் குத்தியிருந்த மடிப்பு அவிழ்ந்து குதிக்காலுக்குக் கீழே போயிற்று. அதையே மிதித்துச் சறுக்கி, இரண்டு உள்ளங்கையும் தேய்ந்து கீழே வந்து நின்றாள். பெரிய காயமில்லை. அதற்குள் அவளைத் தாண்டி மேலே ஏறியிருந்தவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். வாயில் வந்தது, வயிற்றுவலி என்பதுதான்.

அத்தோடு இருந்தாலும் பரவாயில்லை. இமக்குலேற்றும் அவளுடன் இறங்கிவிட்டாள். இமக்குலேற், கல்முனையில் வேலை செய்யும் இன்னொரு மிட்வைப். பயிற்சிக் காலத்தில் பக்கத்துக் கட்டில்காரி. ஐந்தடி ஏழங்குலம். இவர்கள் இருவரும் சேர்ந்து வீதியில் நடந்தால் கடைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அவளுக்கு மலை என்றால் உயிர். றுஸ்தா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், உச்சிக்கு இருபது அடி இருக்கையில் திரும்பி, வான் வரைக்கும் கையைப் பிடித்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். றுஸ்தாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது அதுதான். வயிற்றுவலி என்று வீட்டில் யார் எதற்குச் சொன்னாலும், அந்தப் பாறை கண்ணுக்குள் வரும்.

இந்த வருடம் எங்கே போவது என்ற கதை வந்தபோது இமக்குலேற் ஒரே பிடியாக நின்றாள். அதே மலை. "நீ வராட்டி நானும் வரல்ல," என்று றுஸ்தாவுக்குத் தனியாகச் சொல்லியும் வைத்தாள்.

றுஸ்தாவுக்கு மலையைப் பற்றிக் கவலையில்லை. களிசான் என்கிற அந்தக் காற்சட்டையைப் பற்றித்தான். மூன்று கடைகள் ஏறி இறங்கினாள். ஒரு கடையில் சிறுவர் பகுதியைக் கைகாட்டினார்கள். பன்னிரண்டு வயதுப் பையனுடைய களிசான் நீளத்துக்குச் சரியாக இருந்தது. இடுப்பெலும்பைத் தாண்டி மேலே வர மறுத்தது. இன்னொரு கடையில், வாங்குங்கள், வெட்டிக்கொள்ளலாம் என்றார்கள். வெட்டுவது அவளுக்குச் சொல்லியா தரவேண்டும்? போன வருடத்துக் களிசானையும் அவள் வெட்டத்தான் நினைத்தாள். அவசரத்தில் பின் குத்தினாள். அந்த ஒரு பின்தான் தன்னைக் கவிழ்த்தது என்றே அதுவரை நம்பியிருந்தாள்.

நாலாவது கடைதான் ஹப்ஸாவுடையது. காமென்ட் பக்டரிகளில் மிஞ்சிய ஏற்றுமதி உடுப்புகளை மூட்டையாக எடுத்து விற்கும் கடை. ஹப்ஸா ஐம்பது தாண்டிய மனுஷி, அதிகம் கதைக்கமாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம் வாருங்கள் என்று சொல்லியிருந்தார். ஆம்பிளைகள் எல்லாம் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள், ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டால் கடை முழுவதும் போட்டுப் பார்க்கும் அறைதான்.

அந்த வெள்ளிக்கிழமை இமக்குலேற்றும் கூடவே வந்தாள். வெளியே தெரு அடங்கி, பள்ளி ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. ஹப்ஸா மலையேறும் களிசான்களாகப் பார்த்து ஒரு குவியலை மேசையில் கொட்டினார். றுஸ்தா தன் சோதனையைத் தொடங்கினாள். முதலில் குந்தி எழும்புவது. அடுத்தது பிளாஸ்டிக் கதிரையில் ஒரே காலை வைத்து ஏறுவது. மூன்றாவது சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழும்புவது.

ஒன்று இடுப்பில் சரி, கால் நிலத்தைக் கூட்டியது. அடுத்தது முழங்காலில் இழுத்துப் பூட்டும் சிப் வைத்து, வேண்டுமானால் கழற்றி அரைக் களிசானாக்கும் வகை. அந்தச் சிப் அவளுக்குக் கெண்டைக்காலில் வந்து நின்றது. இன்னொன்றில் தொடைப்பை முழங்காலுக்கு இறங்கி, குந்தும்போது மூட்டுக்கும் தொடைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. இமக்குலேற் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்து றுஸ்தாவே முதலில் சிரித்தாள்.

ஆறாவது களிசானில்தான் அது பிடிபட்டது. கீழே நீளம் அதிகமாக இருந்ததால் ஹப்ஸா குனிந்து, அடியைக் கணுக்கால் அளவுக்கு மடித்துக் கையாலேயே பிடித்துக்கொண்டார். பார்வைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அப்படியே கதிரைக்குக் காலைத் தூக்கினாள். தொடையில் பிடித்தது. நாரங்கலப் பாறையில் பிடித்த அதே பிடி. காலை இறக்கினாள். மறுபடி தூக்கினாள். இடுப்புப் பட்டியிலிருந்து கவடு வரைக்கும் கையால் தடவிப் பார்த்தாள். நான்கு விரல் துணி கூட. அடியை எவ்வளவு வெட்டினாலும் அந்த நான்கு விரல் போகாது. முழங்காலுக்கென்று தைத்த இடம் கீழேயே நிற்கும். இத்தனை வருடமாக வெட்டவேண்டிய இடம் ஒன்றிருக்க, அவள் வேறிடத்தில் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெரிய தலையிடி ஒன்று இறங்குவதுபோல இருந்தது. காலில் ஒரு குறையும் இல்லை. வயதிலும் இல்லை, பயத்திலும் இல்லை. வேறொரு உடம்பை நினைத்து யாரோ வெட்டிய துணி அது, அவ்வளவுதான்.

குவியலில் மிஞ்சியதை ஹப்ஸா மூட்டைக்குள் திருப்பிப் போடத் தொடங்கினார். சேற்றுப் பச்சையில் ஒன்றை எடுத்து, இது சரிவராது, முக்கால் களிசான், வெள்ளைக்காரப் பிள்ளைகள் முழங்காலுக்குக் கீழே காட்டிக்கொண்டு போடுகிறது, நமக்கு ஆகாது என்று ஓரமாக வைத்தார். றுஸ்தாவும் அப்படிப்பட்டதை ஆயுளில் தொட்டவள் இல்லை. என்றாலும் கையை நீட்டி வாங்கினாள். இடுப்புப் பட்டிக்கும் கவட்டுக்கும் இடையை விரலால் அளந்தாள்; அந்த நான்கு விரல் அங்கே இல்லை. திரைக்குப் பின்னால் போனாள்.

வெளியே வந்தபோது மூன்று பேரும் கீழேதான் பார்த்தார்கள். முக்கால் களிசான் அவளுக்கு முழுக் களிசானாகிக் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. அடியில் இழுத்துக் கட்ட ஒரு நாடாவும் இருந்தது. குந்தினாள். துணி கூடவே இறங்கியது. சம்மணம் போட்டு எழும்பினாள். கதிரையில் ஏறினாள், இறங்கினாள், பிறகு தேவையில்லாமல் இன்னொருதரமும் ஏறினாள். தண்ணீர்ப் போத்தலைச் சரித்துத் தொடையில் கொஞ்சம் நனைத்து, மின்விசிறிக்குக் கீழே நின்று காய்கிறதா என்றும் பார்த்தாள். குத்பா முடிவதற்குள் காய்ந்துவிட்டது.

"வெட்ட ஒண்டும் இல்லயே," என்றார் ஹப்ஸா.

மறுபடியும் கதிரையில் ஏறி நின்றதில் றுஸ்தாவின் முகம் இமக்குலேற்றின் முகத்துக்கும் சற்று மேலே இருந்தது. இதற்குமேல் வைத்திருக்க அவளால் முடியவில்லை.

"இமா, போன வருசம் எனக்கு வயித்துவலி இல்ல. களிசான் தொடையில புடிச்சிற்று, கால் ஏறல்ல. வெக்கத்தில பொய் சொன்னன். உன்னையும் ஏறவிடாமச் செஞ்சிற்றன்."

இமக்குலேற் அவளுடைய ஸ்காஃபின் நுனியைச் சரிசெய்துவிட்டாள்.

"தெரியும். வயித்துவலிக்காரி வானுக்க இருந்து ஒரு பக்கற் முறுக்கையும் திண்டு முடிச்சா, அதுவும் ஒரு மிட்வைப்புக்குப் பக்கத்தில இருந்து."

"அப்ப ஏன் கேக்கல்ல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவாய். நீயாச் சொல்லட்டும் எண்டு இருந்தன்."

றுஸ்தா கதிரையிலிருந்து இறங்காமலே சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்புக்கு நடுவில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். தொழுகை முடிந்து தெருவில் மோட்டார் சைக்கிள்கள் கிளம்பும் சத்தம் கேட்டதும்தான் ஹப்ஸா அவளைக் கைபிடித்து இறக்கி, ஷட்டரை உயர்த்தினார்.

இரண்டு கிழமை கழித்து வான் புறப்பட்டது. முதல்நாள் பதுளையில் தங்கி, மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஏறத் தொடங்கினார்கள். றுஸ்தா முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளச் சட்டையும் ஸ்காஃபும் அணிந்திருந்தாள். சட்டைக்குக் கீழே சேற்றுப் பச்சை. புல் முழுக்கப் பனி. தேயிலையைத் தாண்டுவதற்குள் எல்லோருடைய கால்களும் தொடைவரை நனைந்தன. புல்வெளியில் வெயில் ஏறியபோது, டெனிம் போட்டு வந்தவர்கள் ஈரத்தை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். றுஸ்தாவுடையது காய்ந்து காற்றில் மெல்லப் படபடத்தது. வழியில் இரண்டுதரம் காரணமில்லாமல் குந்தி எழும்பினாள். தண்ணீர் குடிக்கவா என்று யாரோ கேட்டதற்கு, ஓம் என்று சொல்லிவைத்தாள்.

பாறை அதே இடத்தில்தான் இருந்தது. ஒன்பது பேர் ஏறி, இருபது அடி தள்ளி உச்சியில் நின்று இவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இமக்குலேற் நீண்ட கால்களால் ஒரே எட்டில் ஏறிவிட்டு, திரும்பி முழங்கால் ஊன்றி உட்கார்ந்து, கையை நன்றாகக் கீழே நீட்டினாள். பிடி என்றாள். றுஸ்தா அந்தக் கையைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். தோளில் கிடந்த பையைக் கழற்றி, நீட்டிய கையில் கொடுத்தாள். இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லி இடது காலைத் தூக்கிப் படியில் வைத்து, உள்ளங்கைகளைப் பாறையில் ஊன்றி உடம்பைத் தூக்கினாள். மேலே வந்து, நெற்றியில் சரிந்த ஸ்காஃபைத் தள்ளிவிட்டு, பையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் முழங்காலிட்டபடியே இருந்த இமக்குலேற்றைத் தாண்டி, உச்சியைப் பார்த்து நடந்தாள்.