மஞ்சம்மா வீட்டுக் கௌரி

ஈரக் களிமண் வாசனை...

ஆவணி பிறந்துவிட்டால் என் மகள் கீர்த்தியின் கையில் அந்த வாசனைதான் இருக்கும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நான் வீடு வந்து சேர ஆறரை மணி ஆகும். ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். என் மேல் கூலண்ட் ஆயில் வாடை, அவள் மேல் மண் வாசனை.

"மஞ்சம்மா வீட்ல யானை செஞ்சேம்மா!"

மஞ்சம்மா... அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த 'அம்மா' எனக்குச் சுருக்கென்று குத்தும்.

அப்போது கீர்த்திக்கு ஆறு வயது. விருதுநகர் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக ஓசூர் வந்தவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை. எனக்கு குவாலிட்டியில் இன்ஸ்பெக்டர் வேலை. ஸ்கூல் விட்டதும் கீர்த்தி பக்கத்து வீட்டு மஞ்சுளாக்காவிடம் இருப்பாள். அவர்தான் அவளுக்கு மஞ்சம்மா. அக்கா பாகலூர்க்காரர், வீட்டில் பேசுவது கன்னடம். அவரும் கணவரும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. கீர்த்தியைப் பார்த்துக்கொள்ள ஒரு பைசா வாங்க மாட்டார்.

நன்றியோடு இருந்திருக்க வேண்டும். இருந்தேன்... ஆனால் வயிறும் எரிந்தது. பொய் சொல்வானேன்?

யுகாதி வந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து மாவிலைத் தோரணம் கட்டுவார்கள். தீபாவளிக்கு மூங்கில் குச்சியில் கலர் பேப்பர் ஒட்டிக் கூண்டு விளக்கு. சங்கராந்திக்கு மர அச்சில் சர்க்கரைப் பாகை ஊற்றி மீனும் கிளியும். என் மகள் கை பட்டதெல்லாம் அந்த வீட்டு வாசலில் தொங்கும். எனக்கு வந்து சேர்வது மூக்குடைந்த ஒரு சர்க்கரைக் கிளி.

போதாததற்கு "கீர்த்தி புட்டி, கீர்த்தி புட்டி" என்று கொஞ்சல் வேறு. கன்னடத்தில் புட்டி என்றால் சின்னப் பொண்ணாம். எங்கள் ஊரில் புட்டி என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்!

அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்துவிட்டேன். "இந்தத் தடவ பிள்ளையார நம்ம வீட்ல நாமளே செய்றோம்டி."

கம்பெனியில் சில மைக்ரான் தப்பினாலும் பீஸை ரிஜெக்ட் பண்ணுகிறவள் நான். எனக்கு ஒரு தும்பிக்கை வராதா என்ன?

வரவில்லை. இரண்டு தடவை தும்பிக்கை விழுந்தது. மூன்றாவது தடவை தலையே கையோடு வந்துவிட்டது.

கீர்த்தி பொறுமையாகச் சொன்னாள். "உள்ள ஈர்க்குச்சி வெக்கணும்மா... மஞ்சம்மா அப்பிடித்தான் வெப்பாங்க."

"அப்ப அங்கயே போய்ச் செய்டி!" என்று கத்திவிட்டேன்.

பாவாடையில் மண்ணை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கன்னடக்காரர்களுக்குச் சதுர்த்திக்கு முந்தின நாள் கௌரி பண்டிகை. அன்றைக்குக் கௌரி தாய்வீட்டுக்கு வருவாளாம். மறுநாள் பிள்ளையார் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவாராம். அதனால் கௌரியையும் மண்ணில் செய்து வைப்பார்கள். அன்று சாயங்காலம் பஸ் இறங்கி வந்த என்னை மஞ்சுளாக்கா வாசலிலேயே நிறுத்தினார்.

"செல்வி, குங்குமம் எடுத்துக்க வாம்மா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

மஞ்சள் பூசின சின்னக் கௌரி. கண்ணுக்கு மை, மூக்கில் ஒரு மணி. கழுத்தில் பூமாலைக்கு மேல், ஸ்கூல் ரிப்பனில் ஓர் அட்டை தொங்கியது.

ஐடி கார்டு!

பிஸ்கட் அட்டையை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் ஒரு மூஞ்சி வரைந்திருந்தாள் கீர்த்தி. கீழே கோணல் எழுத்தில்... நேம்: செல்வி. டெசிக்னேஷன்: அம்மா.

"சாமிக்கு இதெல்லாம் போடக் கூடாது புட்டின்னு சொன்னேன், கேக்கவே இல்ல" என்றார் மஞ்சுளாக்கா. "எங்கம்மா இது இல்லாம வெளிய போவே மாட்டாங்கன்னு ஒரே அழுவ. சரி, இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அங்கேயே கீர்த்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பழையபடி அதே எரிச்சல்... நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதியிருப்பாள் அல்லவா? அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது நான் இல்லையே.

பண்டிகை முடிந்து பிள்ளையாரோடு கௌரியையும் கரைத்தார்கள். அந்த அட்டையை மட்டும் மஞ்சுளாக்கா கழற்றி வைத்துக்கொண்டார்.

இப்போது கீர்த்தி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் கழுத்திலும் ஒரு கார்டு தொங்குகிறது. ஆபீஸிலேயே பிள்ளையார் செய்யச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். மண், குச்சி, பெயின்ட் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடுகிறது. அவள் செய்த பிள்ளையாரின் படத்தை மஞ்சுளாக்காதான் போனைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். என் போனுக்கு அந்தப் படம் வந்தது அரை மணி நேரம் கழித்து.

நான் வேலையை விட்டுவிட்டேன். நேரம் நிறைய இருக்கிறது. ஈர்க்குச்சி வைத்துத் தும்பிக்கையை நிறுத்தக்கூடப் பழகிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து மண் பிசையத்தான் ஆள் இல்லை.

ஒவ்வொரு கௌரிக்கும் குங்குமம் வாங்குகிற சாக்கில் போய் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு வருவேன். அவர்கள் சாமி அலமாரியில் இருக்கிறது. என் பெயர் அழிந்துவிட்டது. 'அம்மா' மட்டும் இன்னும் தெரிகிறது.

இந்த வருஷம் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "அக்கா, அது என் கார்டுதான... குடுத்துருங்களேன்."

மஞ்சுளாக்கா குங்குமச் சிமிழை மெதுவாக மூடினார்.

"உனக்குப் பொண்ணே இருக்கா செல்வி. எனக்கு இந்த அட்டதானேம்மா. இது இங்கியே இருக்கட்டும்."

இத்தனை வருஷமும், பொறாமைப்பட்டது நான் ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.