களவெட்டியில் சொல்லாத பெயர்

கல்லூரி விடுதியின் சன்னலுக்கு வெளியே வைக்கோல் வண்டியொன்று போக, அந்த வாசனையில் கிரான் வட்டை வயல்களில் இப்போது காடு மூடிவிட்ட, கதிர் அடிக்கும் எங்கள் களவெட்டியும், அதில் மணி உதிரச் சுற்றிச் சுற்றிச் சூடு மிதித்த எருமைகளும் திரும்பி வந்தன. அங்கே நெல்லைப் பொலி என்றும் அதை அள்ளும் கடகத்தைப் பெருவாயன் என்றுமே சொல்லவேண்டும். சொந்தப் பெயர் காதில் விழுந்தால் பூதம் குவியலை அள்ளிக்கொண்டு போய்விடும், பிறகு வருடம் முழுக்கச் சோறில்லை, குரக்கன் கூழ்தான்.

“பேரச் சொல்லிராத மகன், அதுக்குக் கேக்கும்” என்று அப்பா பயந்த குரலில் என் காதோடு சொல்வார். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்து துடிக்க, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, எருமைகளின் மூச்சைக் கேட்டபடி நிற்பேன்.

பூதமே இல்லையென்று போன வாரம் விவாத மேடையில் பேசி வென்றவன் நான். இன்று ஊரைப்பற்றிய கட்டுரையில் முதல் சொல்லாக நெல் என்று எழுதியதும், எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினேன்.