அவர் திருப்பி மாட்டாமல் போன வாள்

செய்தி வந்தபோது கடை வாசலில் லாரியிலிருந்து கம்பி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் போன் அடித்தது காதில் விழவில்லை. விடாமல் அடித்திருக்கிறது. எடுத்தால், லூர்துசாமி சாரின் மனைவி.

"அண்ணே, சார் எந்திரிக்கல."

"எழுப்பிப் பாருங்க டீச்சர்" என்றேன்.

"எழுப்பிட்டேன்ண்ணே" என்றார்.

ஆட்கள் கம்பியை இறக்கிக்கொண்டே இருந்தார்கள். நிறுத்தச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

சாரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரிடம் வரலாறு படித்தவர்கள் திருச்சியில் எந்தத் தெருவிலும் இருப்பார்கள். நான் அவரிடம் படித்தவன் இல்லை. உப்பிலியபுரத்தில் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, இரும்புக் கடையில் கம்பி சுமக்க வந்து, பிறகு அதே தொழிலில் முதலாளியானவன். கே.கே. நகரில் நான் வீடு கட்டியபோது அவர் பக்கத்து வீட்டுக்காரர். அஸ்திவாரம் தோண்டிய நாளிலேயே காம்பவுண்டுச் சுவரை வைத்து எங்களுக்குள் சண்டை. கடைசியில் அவர்தான், "செவரு உன்னுதாவே இருக்கட்டும் முதலாளி. நெழலு சாயங்காலம் எம்பக்கம்தானே விழும், அது போதும்" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு முதலாளி. அவர் எனக்கு சார்.

வீடு முடிந்ததும் மாடி ஹாலில் ஒரு பெரிய சுவர் வெறுமையாக நின்றது. ஏதாவது படம் மாட்டுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் படம் வேண்டாம். இரும்பில் சம்பாதித்த வீடு, சுவரிலும் இரும்புதான் இருக்கவேண்டும், ஒரு வாள் வாங்கி மாட்டப்போகிறேன் என்றேன். சார் சிரிக்கவில்லை. "வாங்குறதுன்னா ஒழுங்கா வாங்கணும். தனியாப் போயிடாத, ஏமாந்துடுவ" என்றார். வியாபாரத்தில் என்னை ஏமாற்றியவன் கிடையாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. இருந்தாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

ஸ்ரீரங்கத்தில் பித்தளைச் சாமான் விற்கும் ஒரு கடை. கடைக்காரர் சிங்கத்தலைப் பிடியும் சிவப்பு வெல்வெட் உறையுமாக ஒரு வளைந்த வாளை எடுத்து வைத்தார். சார் அதைத் தொடக்கூட இல்லை.

"இது மேடையில வட்டச் செயலாளருக்குக் குடுக்குறது" என்றார்.

கடைக்காரருக்குக் கோபம். "சோழர் காலத்து மாடல் சார்."

"அப்படியா? சோழர் காலத்துல வெல்வெட்டு யார் வித்தா, நீங்களா?"

நான் அதைக் கையில் வாங்கி விரலால் சுண்டிப் பார்த்தேன். தகரத்தின் சத்தம். பிடியைத் திருகினேன், ஆடியது. பிடிக்குள் இரும்பு முழுதாக ஓடவில்லை, சின்ன ஆணியளவு பற்றவைத்து ஒட்டியிருந்தார்கள். "சுவத்துல மாட்டுறதுக்கு இது போதாதாங்க?" என்றார் கடைக்காரர். அங்கிருந்து சார் என்னைக் கோயிலின் குதிரைத் தூண்களுக்கு இழுத்துக்கொண்டு போனார். பாயும் குதிரைகளுக்கு நடுவே, கல்லில் ஆயுதம் பிடித்து நிற்கிற ஒவ்வொரு கையையும் காட்டினார். "பாரு, பிடிச்சிருக்குற கையப் பாரு. கனம் தெரியுதா? கல்லுலயே கனம் தெரியுது. நீ சுண்டிப் பார்த்தியே, அதுல தெரிஞ்சுதா?"

திரும்பி வந்தபோது கடைக்காரர் உள்ளேயிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். வடக்கே எங்கோ வெளிநாட்டுக்காரர்களுக்காகச் செய்ததில் மிஞ்சியதாம். நேரான நீண்ட வாள். பிடிக்கு மேலே குறுக்காக ஒரு பட்டை. வெள்ளைக்கார ராஜாக்கள் அந்தக் காலத்தில் வைத்திருந்த மாதிரி. உறை இல்லை, சிங்கம் இல்லை. சுண்டினேன், மணி மாதிரி நின்று ஒலித்தது. இரும்பு பிடியின் அடிவரை போயிருந்தது. சார் அதைத் தன் ஒற்றை விரலில் கிடத்தினார், ஆடாமல் நின்றது. "இது நம்மூரு வாள் இல்ல. ஆனா பொய் இல்ல. வாங்கு" என்றார்.

துரு பிடிக்கிற எஃகு ஆயிற்றே, துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கிடைக்குமா என்று கேட்டேன். இரும்பு வியாபாரி கேட்கிற கேள்விதான் அது. அதற்கு அவர் சொன்ன பதிலை மட்டும் நான் மறக்கவில்லை: "துருப்பிடிக்கிற பொருளாத்தான் முதலாளி இருக்கணும். அப்பதான் யாராவது போய்த் தொடைப்பாங்க. தொடாமயே கெடக்குறது எதுக்கு வீட்டுல?"

சொன்னதோடு விடவில்லை. அவரே வந்து மாட்டினார். நுனி கீழே, பிடி மேலே. அந்தக் குறுக்குப் பட்டை இரண்டு கொக்கிகளில் வசதியாக உட்கார்ந்தது. பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். தையல் மெஷின் எண்ணெயைப் பழைய பனியன் துணியில் தொட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பார். என் மனைவி காபியை வைத்துக்கொண்டு நிற்பாள். "அவரைக் குளிப்பாட்டியாச்சா சார்?" என்று கேட்பாள். "தலைக்கு ஊத்தியாச்சும்மா, காபி குடுங்க" என்பார்.

பிறகுதான் அந்தக் கூத்து. என் மகளுக்கு லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. விவசாயக் குடும்பம், பையன் நல்ல வேலையில் இருந்தான், மகளுக்கும் பிடித்திருந்தது. வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அதோடு பேச்சு நின்றுவிட்டது. போன் செய்தால் பார்ப்போம், பார்ப்போம் என்றார்கள். மகள் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் பையனின் மாமாவையே நேரில் போய்க் கேட்டேன். அவர் நெளிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க... அந்தப் பக்கம் போயிட்டீங்களா?"

"எந்தப் பக்கங்க?"

"இல்ல, ஹால்ல அவ்வளவு பெரிய சிலுவை மாட்டியிருக்கீங்களே."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்கு வந்து மாடியேறி ஹால் வாசலில் நின்று பார்த்தேன். சிலுவைதான். நுனியைக் கீழே வைத்து மாட்டிய வாள், குறுக்குப் பட்டையோடு, தூரத்திலிருந்து அச்சாகச் சிலுவை. நான் இரும்பைப் பார்த்தேன், அவர் வரலாற்றைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் அது படவே இல்லை. அவராவது பார்த்திருக்கலாம். வாழ்நாள் பூராவும் சிலுவையைப் பார்த்துப் பழகியதால்தான் அவருக்குத் தனியாகத் தெரியவில்லையோ என்னவோ.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். "நானே வாரேன்" என்று எழுந்தார். ஸ்டூல் போட்டு ஏறி வாளைத் தலைகீழாகத் திருப்பினார். நுனி மேலே போனதும் தலை கனத்தது, கொக்கியில் நிற்கவில்லை, சாய்ந்தது. என் கடைக் கட்டுக்கம்பியைக் கேட்டு வாங்கி, அலகைச் சுவரில் அடித்த ஆணியோடு சேர்த்து முறுக்கிக் கட்டினார்.

"உங்களுக்கு மனசுக்குக் கஷ்டமா இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? எங்க புனிதர் இராயப்பரையே சிலுவையில தலைகீழாத்தான் அறைஞ்சாங்க. அவரே கேட்டு வாங்கிக்கிட்டாரு. புள்ள கல்யாணம் முடியட்டும் முதலாளி. முடிஞ்ச மறுநாள் நானே வந்து திருப்பி மாட்டுறேன். நீ கை வைக்காத. கட்டுனவன்தான் அவுக்கணும்."

லால்குடிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். அந்த மாமா அண்ணாந்து பார்த்து, "அட, வாளா! ராஜபரம்பரை மாதிரியில்ல இருக்கு" என்றார். கதவோரம் நின்ற என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணம் நடந்தது. முதல் வரிசையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து அட்சதை போட்டார் சார். போட்டுவிட்டு வெகுநேரம் இருமினார். அன்றைக்கு அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

சொன்னபடி மறுநாள் அவரால் வர முடியவில்லை. நுரையீரல் என்றார்கள். சிரித்தால் வந்த இருமல், பேசினால் வர ஆரம்பித்தது. பிறகு சும்மா இருந்தாலும் வந்தது. எனக்குத் தெரிந்த டாக்டர்கள் எல்லோரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். வாங்க முடியாதது எதுவும் இல்லை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குப்பியும் துணியுமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கி முடிக்க வெகுநேரம் ஆனது.

"நானே இறக்கிக் கீழ கொண்டாறேன் சார், இங்க வச்சுத் தொடைங்க" என்றேன்.

"வேணாம். அடுத்த மாசம் ஏறிடுவேன். நீ அதுல கை வைக்காத."

அடுத்த மாதமும் அதையே சொன்னார். அதற்கடுத்த மாதங்களில் அவர் வாசலைத் தாண்டவில்லை. நான் போனால், "தொடைச்சியா?" என்று கேட்பார். "நீங்க வந்து தொடைங்க" என்பேன். அது அவரைத் தெம்பாக்கும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், நான் அவரை அல்ல, என்னைத்தான் தெம்பாக்கிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்குப் போகும்போது பெட்டிக்கு முன்னால் ஒருவர் சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நேராக, உயரமாக. நான் அதையே பார்த்துக்கொண்டு போனேன். கண்ணீர் வரவில்லை. பக்கத்தில் நடந்தவர், கஷ்டப்படாமல் தூக்கத்திலேயே போய்விட்டார், கொடுத்து வைத்தவர் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படுத்தால் மூச்சு முட்டும் என்று மாதக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிய மனிதர் அவர். மேலே இருந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவர் மாணவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஆறுதல் கிடைத்தால் சரி. எனக்கு எந்தக் கடையிலும் அது கிடைக்கவில்லை.

சார் என்னிடம் விட்டுப்போனது அந்த வாள்தான். இன்னமும் நுனி மேலே பார்க்கத்தான் தொங்குகிறது. அவர் கட்டிய கம்பி துருவேறிவிட்டது. அது பட்ட இடத்தில் அலகிலும் பழுப்பாக ஏறியிருக்கிறது. துரு எப்படிப் பரவும், எவ்வளவு நாளில் எவ்வளவு தின்னும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையில் கம்பி வெட்டும் கட்டர் வாளி நிறையக் கிடக்கிறது. ஒரு வெட்டு, கம்பி விட்டுவிடும். எண்ணெய்க் குப்பியைக்கூட டீச்சர் கொடுத்தனுப்பிவிட்டார், அதில் பாதி இன்னும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கட்டரோடு ஸ்டூலில் ஏறினேன். கம்பியின் முறுக்கில் கட்டரின் வாயை வைத்தேன். அமுக்க முடியவில்லை. கீழே நின்ற என் மனைவி, "இறங்குங்க" என்றாள். இறங்கிவிட்டேன்.