ஒற்றைக் கோடு

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம், ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம், நானும் கோரிப்பாளையத்து நண்பனும். டங்ஸ்டனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கட்டும் ஒரு கூண்டு, நடுவே ஒரே ஒரு பாஸ்பரஸ் அணு. அதைப் பெயிண்டு வாடையடிக்கும் டொலுவீனில் கரைத்து, உடையாமல் நிற்க வைப்பதுதான் அவன் வேலை. துளி ஈரம் பட்டாலும் போச்சு. கூண்டு முழுசாக இருந்தால் என்.எம்.ஆர். கருவி தரும் வரைபடத்தில் அந்தப் பாஸ்பரஸுக்கு ஒரே கோடு எழும். உடைந்தால் பக்கத்தில் இரண்டு மூன்று முளைக்கும். அவனுக்கு வருஷக்கணக்காக முளைத்துக்கொண்டே இருந்தன. பார்க்கிற எனக்குத்தான் எரிச்சல் வரும், அவனுக்கு வராது.

கருவிக்கு எப்போதும் வரிசை உண்டு. அந்த வெள்ளிக்கிழமை கடைசி முறை அவனுடையது. வழிகாட்டியிடம் காட்ட என் கையில் ஒன்றுமில்லை என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

“மாப்ள, நீ போட்டுக்க. என்னது எங்க போயிறப் போகுது? திங்கக்கிழம பாத்துக்கிறேன்” என்றான். நான் ஒப்புக்குக்கூட மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரிங் ரோட்டில் ஒரு லாரி அவன் பைக்கில் மோதியது. திங்கள் மதியம் அடக்கம் முடிந்ததும், வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஆய்வகத்துக்கு வந்தேன். விஷயம் தெரியாத ஆபரேட்டர், முறைப்படி அவன் குழாயைக் கருவியில் போட்டு எடுத்து, வரைபடத்தோடு அவன் மேஜையில் வைத்திருந்தார்.

ஒரே கோடு. பக்கத்தில் ஒன்றுமே இல்லை. இன்னும் ஒரு நாள் பொறுக்க மாட்டானா பாவி என்று அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. உட்கார்ந்து அழுதேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்தபின், அவன் சாமான்களை எடுத்துப்போக அவன் அம்மா வந்தார். வெள்ளைக் கோட்டை முகர்ந்து பார்த்தார்.

“இந்தப் பெயிண்டு வாடைக்கு அவன எம்புட்டு வஞ்சிருக்கேன்” என்றவர், மூடி முத்திரையிட்டிருந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். “இதுக்குத்தான் இம்புட்டு நாளா அலைஞ்சானா தம்பி?”

“ஆமாம்மா.” வரைபடத்தைக் காட்டினேன். “இந்த ஒத்தக் கோடு வரணும்னுதான்.”

“நல்லா வந்திருக்கா?”

“சுத்தமா வந்திருக்கும்மா.”

விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். “அவன் பாத்தானா?”

“பாத்தான்மா. வெள்ளிக்கிழமையே பாத்துட்டான்.”

அவர் முகம் தெளிந்தது.

“அதானே! அன்னைக்கு வீட்டுக்கு வந்தவன், என்னைக்கும் இல்லாம ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கித் தின்னான்.”