மூத்தவருக்குத் தானாக வருவது

உங்கள் பெரியப்பா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பிள்ளைகள். காலைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டியை வெட்டி, உட்பக்கத்தில் நீலப் பேனையால் எழுதியது. இங்கிலாந்து மகாராணியின் வாரிசுக்குரிய பட்டங்களும், கீழே வாரிசுகளின் பெயர்களும் அதில் வரிசையாக இருக்கும். முதல் வரி: ‘டியூக் ஒஃப் கோர்ன்வால். மூத்த மகனுக்குத் தானாக வரும். ஒருவரும் கொடுக்கத் தேவையில்லை.’ அடுத்தது: ‘பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ். தானாக வராது. ஆட்சியில் இருப்பவர் கொடுத்தால்தான்.’

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நானும் அண்ணையும் இங்கே கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒரே அறையில் இருந்தோம். இருவருக்கும் சோபா செய்யும் தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றவும் அலுப்பாக இருக்கும். அப்பா திருச்சியில் ஒரு வாடகை வீட்டில் படுக்கையில் கிடந்தார். அகதிப் பத்திரத்தோடு வெளிக்கிட்டால் திரும்பி வர முடியுமோ என்று எங்களுக்குப் பயம். கனடாப் பாஸ்போட் கிடைத்த பிறகுதான் போவதென்று இருந்தோம். தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அதனால் ஒவ்வொரு முறை தொலைபேசியில் பேசும்போதும் அப்பா, மூத்தவன் எப்போது வருவான் என்றுதான் கேட்பார். நான் பேசினாலும் அதே கேள்விதான்.

குடியுரிமைக்கு இருவரும் ஒன்றாக விண்ணப்பித்தோம். வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை மட்டும் நான் பாடமாக்கினேன். அண்ணையோ சத்தியப் பிரமாணத்தில் நின்றுவிட்டார். மகாராணிக்கு மட்டுமல்ல, அவரது வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று அதில் வரும். எட்டாம் வகுப்போடு நின்றவர், நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்த வாரிசுகளைத் தேடினார். உதெல்லாம் கேட்கமாட்டார்கள், கேள்விகளைப் படியுங்கள் என்று நான் சினந்தேன்.

“ஆரெண்டு தெரியாமல் ஒருத்தருக்குச் சத்தியம் பண்ணிக் குடுக்கலாமோடா?” என்றார்.

நேர்முகத்தில் அண்ணையிடம் எங்கள் தொகுதியின் எம்.பி. யார் என்று கேட்டிருக்கிறார்கள். தெரியவில்லை. அதற்குப் பதிலாகப் பட்டங்களைச் சொல்லத் தொடங்கினாராம். குடியுரிமை நீதிபதி அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, படித்துக்கொண்டு இன்னொரு தரம் வரச் சொன்னார். நான் பாஸ்.

என் பாஸ்போட் வந்து சில நாட்களில் அப்பாவுக்குக் கடுமை என்று செய்தி வந்தது. என் சூட்கேசை அண்ணைதான் அடுக்கினார். கொள்ளி வைக்கும்போது கட்டவென்று தான் வாங்கி வைத்திருந்த வேட்டியை அடியில் வைத்தார். “என்ர இடத்தில நிண்டு செய்” என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா கண்ணை மூடிவிட்டார். சுடலையில் ஐயர், “மூத்த பிள்ளையா?” என்று கேட்டார். இரண்டு நாள் நித்திரையில்லை. ஆதியிலிருந்து விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஓம் என்று தலையாட்டினேன்.

திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் அண்ணை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“நீ எத்தினையாவது பிள்ளையெண்டு ஐயர் கேட்டவரோ?”

“கேக்கேல்லை அண்ணை.”

பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. தன் பரீட்சையை அடுத்த தரம் பாஸ் பண்ணினார். பாஸ்போட்டும் எடுத்தார். அதற்குப் பிறகு அவசரமாகப் போக ஓரிடமும் இருக்கவில்லை.

அந்த வாரிசு இப்போது அரசராகிவிட்டார். போன கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போனபோது, மட்டையில் பழைய பெயர்களைக் கோடு கிழித்து வெட்டிப் புதியவர்களை எழுதியிருந்தார். முதல் வரியில் மட்டும் கை வைக்கவில்லை. ஆட்கள் மாறினாலும் அது மாறாது என்றார். அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, அந்தப் பொய்யை இவ்வளவு காலமும் காவித் திரிந்தது போதும் என்றிருந்தது.

“அண்டைக்கு ஐயர் கேட்டவர் அண்ணை. மூத்தவனோ எண்டு. நான் ஓமெண்டிட்டன்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“பரவாயில்லை” என்றார். “என்ர வேட்டியோட அப்பாவின்ர மூத்தவன் அங்க நிண்டவன்தானே.”

மட்டையின் ஒரு மூலை கழன்று தொங்கியது. அதைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். ஒட்டவில்லை. விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்.